பதிலுக்கு முன்னால் கொஞ்ச நேரம்

என் வீட்டுக்காரரை டிவியில் காட்டினார்கள். காட்டாமலே இருந்திருக்கலாம்.

வேலை செய்யும் இடத்தில் செத்துப்போனவர்களைப் பற்றிய படம் அது. இவர் லிஃப்ட் மெக்கானிக். இவர் பார்த்துக்கொண்டிருந்த ஏழு மாடி அலுவலகக் கட்டிடத்தில், தரை துடைக்கும் ஒரு பெண் ஐந்தாவது மாடியில் வாளியோடு போய் லிஃப்ட் கதவை இழுத்திருக்கிறாள். கதவு திறந்துகொண்டது. உள்ளே லிஃப்ட் இல்லை. அது கீழே நின்றிருந்தது. கால் வைத்தவள் விழுந்து செத்துப்போனாள். கல்யாணம்கூட ஆகாத பெண்.

லிஃப்ட் வந்து நிற்காத மாடியில் வெளிக்கதவு திறக்கவே கூடாது. அதற்காக ஒவ்வொரு மாடியிலும் கதவுக்கு ஒரு பூட்டு உண்டு. வாராவாரம் மாடி மாடியாக ஏறி, லிஃப்ட் இல்லாத நேரத்தில் கதவை இழுத்துப் பார்த்து, பூட்டு பிடிக்கிறதா என்று சோதிப்பது இவருடைய வேலை. விசாரணை வைத்தார்கள். பூட்டு தேய்ந்திருந்தது, எப்போது பழுதானது என்று சொல்ல முடியாது, மெக்கானிக் சோதித்ததாகச் சொல்கிறார், அந்தப் பெண்ணும் உள்ளே லிஃப்ட் இருக்கிறதா என்று பார்த்துக் கால் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அந்தப் பெண் கையில் போன் இருந்ததாக வேறு யாரோ சாட்சி சொன்னார்கள்.

அதோடு விட்டது என்றுதான் இருந்தேன். அப்புறம்தான் இந்தப் படக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

படம் வந்த அன்றைக்கு எதிர்வீட்டு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இவர், "தலை வலிக்குது, நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தன்னைத் தானே டிவியில் பார்க்க வெட்கம் போல என்று நானும் கிண்டல் செய்து அனுப்பினேன்.

படத்தில் இவர் மெஷின் ரூமில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். படம் எடுத்த அம்மாவின் குரல் மட்டும் கேட்கிறது. "அந்த வாரம் அஞ்சாவது மாடிக் கதவோட பூட்டை நீங்க சோதிச்சீங்களா?"

இவர் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். இவர் கைகளைக் காட்டினார்கள், ஒரு விரல் இன்னொரு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அடுத்து, செத்துப்போன பெண்ணின் அம்மா முகம். இமை கொட்டாமல் எதிரே பார்க்கிறார். மறுபடி இவர், குனிந்த தலை நிமிரவே இல்லை. எச்சில் விழுங்கினார். அப்புறம் ஒருவழியாக நிமிர்ந்து, "சோதிச்சேன் மேடம்" என்றார்.

"பதில் வர எவ்ளோ நேரமாகுது பாத்தியா?" என்று எதிர்வீட்டுக்காரர் தன் மனைவியிடம் கிசுகிசுத்தார். அந்த அக்கா அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். நான் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஊர் வாயை மூட முடியவில்லை. நான் பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க வாயைத் திறக்கச் சொல்லும் இடம், கேட்கவா வேண்டும்! கன்னம் வீங்கி வந்தவர்கள்கூட வலியை மறந்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். இவருடைய கம்பெனியில் "கொஞ்ச நாள் ஸ்டோர்ல உக்காருங்க, பேச்சு அடங்கட்டும்" என்றார்கள். உயரத்தில் ஏறி வேலை செய்த மனுஷன், போல்ட்டும் நட்டும் பொறுக்கிப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

நானா சும்மா இருப்பேன்? கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் மல்லுக்கு நின்றேன். "அவரு பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்! சாப்பிட்டீங்களானு கேட்டா, நான் பாத்திரம் கழுவி முடிச்சதுக்கு அப்புறம்தான் இன்னும் இல்லம்பாரு. பொண்ணு பாக்க வந்தப்போ என்னைப் பிடிச்சிருக்கானு கேட்டதுக்கு எங்கப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுற வரைக்கும் யோசிச்ச ஆளு. கம்பெனிலயே அவருக்குச் சாவகாசம்னுதான் பேரு. உண்மையச் சொல்ல ஒருத்தர் யோசிக்கக் கூடாதா?" அந்த மௌனம் இவர் சுபாவம், அதில் கள்ளமே இல்லை என்று எதிர்வீட்டு அக்காவின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். சொன்னதை மனதார நம்பினேன்.

இவரிடம் ஒரு விஷயம் மட்டும் கேட்டேன். "செத்துப்போன பொண்ணோட அம்மாவ எதிர்ல வச்சுட்டா உங்கள இப்படிக் கேட்டாங்க? கொஞ்சமாவது இரக்கம் வேண்டாம்?"

இவர் கையில் எடுத்த தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார். "அந்தம்மாவ நான் பாத்ததே இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. பார்த்ததே இல்லையாம்! படத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிறார்களே! அடப்பாவிகளா என்று போனை எடுத்தேன். படம் எடுத்த அம்மாவிடம் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. படம் எடுத்தவரும் பாவம், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் மறுபடியும் போடறாங்க. தப்பு இருந்தா மாத்திடலாம். நான் வெளியூர்ல இருக்கேன், நீங்க நேரா எடிட்டரப் போய்ப் பாருங்க" என்றார்.

கிளினிக்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஏதோ பெரிய ஸ்டுடியோவாக இருக்கும், நாலு பேர் முன்னால் நாறடித்துவிட்டு வரலாம் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பார்த்தால் ஒரு குடியிருப்பின் பின்பக்க அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஏசி குளிர், மேசையில் இரண்டு திரைகள். எடிட்டர் ஒரு ஒல்லிப் பெண், தோளில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் தங்கை வயதுகூட இருக்காது. சண்டை போட வந்தவளுக்கு முதலில் நாற்காலியைத் துடைத்துப் போட்டது.

"உங்க வீட்டுக்காரர்னு சொன்னாங்க. உக்காருங்கக்கா."

"உக்கார்றது இருக்கட்டும். அந்தம்மாவும் என் வீட்டுக்காரரும் எப்போ ஒரே ரூம்ல இருந்தாங்க? பொய்ப் படம் எடுக்கறதுக்கு உங்களுக்கெல்லாம் யாரு சம்பளம் குடுக்கறாங்க?"

அந்தப் பெண் முகம் சிவந்தது. ஆனால் மழுப்பவில்லை. திரையைக் காட்டியது. கீழே வண்ண வண்ணப் பட்டைகள் நீளமாக ஓடின. ஒவ்வொரு பட்டையும் ஒரு துண்டுப் படமாம்.

"அந்தம்மாவ அவங்க வீட்டுச் சமையலறையில எடுத்தோம். உங்க வீட்டுக்காரரை அதுக்கு ரொம்ப நாள் கழிச்சு எடுத்தோம். அந்தம்மா வலது பக்கமா பாத்துப் பேசறாங்க. இவரு இடது பக்கமா பாக்கறாரு. முகத்த மட்டும் பெருசா வச்சு ரெண்டையும் ஒட்டினா, எதிரெதிரா உக்காந்த மாதிரி ஆயிடும். சுவர், ஜன்னல் எதுவும் தெரியாதுல்ல, பாக்கறவங்க மனசே ஒரு ரூமைக் கட்டிக்கும்."

"அந்தம்மா அப்படி வெறிச்சுப் பாத்தாங்களே?"

"அடுப்புல பால் வச்சிருந்தாங்கக்கா. பொங்கிடுமோனு பாத்தாங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாலைப் பார்த்த பார்வைக்கு என் புருஷன் குற்றவாளி ஆகிவிட்டார்! "நல்லா இருக்கும்மா உங்க பொழப்பு" என்றேன். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு, அந்தம்மாவின் முகத்தை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டது. ஒரு சொடக்கில் போய்விட்டது. அவ்வளவுதான் வேலை.

"இப்போ சரியாக்கா?"

எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். "அந்த மௌனம் இருக்கட்டும், அது எங்க வீட்டுக்காரர் சுபாவம். அதுக்கு மட்டும் கீழ ஒரு வரி எழுதிப் போடுங்களேன், இவரு எப்பவுமே நிதானமாத்தான் பேசுவாருனு" என்று சொல்லி, பாத்திரம் கழுவிய கதையையும் பொண்ணு பார்த்த கதையையும் அவிழ்த்துவிட்டேன். நான் வாய் ஓயாமல் பேசப் பேச, அந்தப் பெண்ணுக்கு முகம் என்னவோ போல ஆகிக்கொண்டே வந்தது.

"அக்கா, அந்த மௌனமும் அவரோடது இல்ல."

"என்னம்மா சொல்றே?"

"அவரு பேசாம உக்காந்திருந்தாரே, அது கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. பக்கத்துக் கட்டிடத்துல சுவர்ல துளை போட்டுட்டு இருந்தாங்க. ஒரே இரைச்சல். அது நிக்கற வரைக்கும் பேசாம இருங்கனு சொன்னோம். அவரும் குனிஞ்சு கையப் பாத்துட்டு இருந்தாரு. கேமரா ஓடிட்டே இருந்துச்சு. அந்தத் துண்ட எடுத்து, சத்தத்த நீக்கிட்டு, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல நான்தான் வச்சேன்."

"ஏன்?" என்றேன்.

"நல்லதுக்குத்தான்கா நினைச்சேன். அவரு கேட்ட உடனே பட்டுனு சொல்லிட்டாரு. ஒப்பிக்கற மாதிரி இருந்துச்சு. ஒரு உசுரு போயிருக்கு, இவரு என்ன இப்படி மரக்கட்டை மாதிரி பேசறாருனு ஜனங்க நினைச்சிடுவாங்களோனு பயமா இருந்துச்சு. நடுவுல கொஞ்ச நேரம் விட்டா, மனசு கனத்துப் போய்ப் பேச முடியாம இருக்காருனு தெரியும்ல. இங்க உக்காந்து பாக்கறப்போ எனக்கு அழுகையே வந்துச்சு. அதையே பாத்து ஜனங்க பொய்ய யோசிக்கறாருனு நினைப்பாங்கனு எனக்குத் தோணவே இல்லக்கா. மன்னிச்சிருங்க."

திட்டுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாழ்நாளில் கிடைக்காது. ஆனால் நான் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அவரு சொன்னத அப்படியே போடு, பாக்கலாம்" என்றேன்.

போட்டது. கேள்வி கேட்கும் குரல். "அந்த வாரம் அஞ்சாவது மாடிக் கதவோட பூட்டை நீங்க..."

"சோதிச்சேன் மேடம். சோதிச்சேன்."

கேள்வி முடியக்கூட இல்லை. அதற்குள் இரண்டு தரம் சொல்லிவிட்டார். கண் நேராகப் பார்த்தது. குரல் கணீரென்று இருந்தது.

"எவ்ளோ தெளிவா சொல்றாரு பாருங்க!" என்றது அந்தப் பெண். அதற்கு நிம்மதி. "கேள்விய மேடம் அப்புறம் தனியா முழுசாப் பேசிக் குடுத்தாங்க, ரெண்டாவது 'சோதிச்சேன்'ன நான் வெட்டிட்டேன். இத இப்படியே விட்டிருந்தா ஒரு பிரச்சினையும் வந்திருக்காது."

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? இவரோடு குடும்பம் நடத்தியவள் நான். சிகரெட்டை விட்டாச்சா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "விட்டுட்டேன், விட்டுட்டேன்" என்று சொன்ன மனுஷன், மறுவாரம் மாடிப்படிக்குக் கீழே நின்று ஊதிக்கொண்டிருந்தார். எங்கம்மாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தீர்களா என்றதற்கு "பாத்தேனே" என்று பட்டென்று வந்தது பதில். எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அம்மாவே சொன்னார். உண்மையைத்தான் இவர் தேடித் தேடி எடுத்துச் சொல்வார். பொய் நுனி நாக்கில் தயாராக இருக்கும். இத்தனை நாள் ஊரெல்லாம் நான் மார்தட்டிச் சொன்னதும் இதையேதானே!

"இன்னொரு தரம் போடும்மா."

போட்டது. "சோதிச்சேன் மேடம். சோதிச்சேன்."

"இன்னொரு தரம்."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தது. "மாத்திடட்டுமாக்கா? நடுவுல வச்ச துண்ட எடுத்துட்டா இப்படியே வந்துடும்."

விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்கள், சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கும், அதனால் வேகமாக வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு பொறுக்கும் இவரை நினைத்தேன். நாளைக்கு வேலையே போனால் என்ன செய்வது என்றும் நினைத்தேன். எனக்கு வேண்டியது கையில் கிடைத்துவிட்டது, அதை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

"மாத்திடும்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் எந்த வேகத்தில் வருமோ என்று பயமாக இருந்தது. அதற்குப் பதிலாக, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கும் விளக்கை அணைக்காததற்கும் எரிந்து விழுந்தேன். "உனக்கு என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டபோது, "எனக்கு ஒரு மண்ணும் ஆகல" என்று நானும் பட்டென்றுதான் சொன்னேன்.

அடுத்த வாரம் படத்தை மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை இவர் தலைவலி என்று வெளியே போகவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்த்தார். கேள்வி, உடனே பதில், அடுத்த விபத்து. கண்ணை மூடித் திறப்பதற்குள் எங்கள் பிரச்சினை தீர்ந்துபோனது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி வந்து, "நேர்மையான ஆளு சார் நீங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது. கம்பெனியிலிருந்து திரும்ப லிஃப்ட் வேலைக்கே கூப்பிட்டார்கள். இவர் விசிலடித்துக்கொண்டே ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தம்மா வந்தார்.

கதவைத் திறந்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. டிவியில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். கையில் ஒரு பை, நெற்றியில் வேர்வை. கம்பெனியில் விலாசம் கேட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். "லிஃப்ட் மெக்கானிக் தம்பி வீடு இதானேம்மா?" என்றார். இவர் தரையில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். யார் என்று நான் சொன்னதும் எழுந்து நின்றார். கையெல்லாம் கிரீஸ்.

தண்ணீர் கொடுத்தேன். அந்தம்மா குடிக்கவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மொத தடவ படத்தப் பாத்தப்போ, நீங்கதான் ஏதோ மறைக்கறீங்கனு நினைச்சுட்டேன் தம்பி. வாய்க்கு வந்தபடி சாபம் விட்டேன். மறுபடி போட்டாங்கல்ல, அப்போ பாத்தேன். பொய் சொல்றவரு இப்படிச் சொல்ல மாட்டாருனு தோணிச்சு. அதான் நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்றார் இவர், அவர் முடிப்பதற்குள்.

"எங்க பொண்ணு அவசரக்காரி தம்பி. போனப் பாத்துட்டேதான் நடப்பா. பாத்து நட, பாத்து நடனு தலையால அடிச்சுக்குவேன். அவதான் பாக்காம கால வச்சிருக்கா. தப்பு அவ மேல. நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. உங்களுக்கும் குடும்பம் இருக்கு."

இவர் ஃபேன் இறக்கையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். "விடுங்கம்மா, விதி" என்றார்.

விதியாம்! எனக்குள் ஏதோ அறுந்தது. என் புருஷனைக் காப்பாற்றுகிறேன் என்று போய், செத்துப்போன பெண்ணை அவள் அம்மா வாயாலேயே குற்றம் சொல்ல வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இவருக்கு அது கேட்கிறது. கேட்டுக்கொண்டே இறக்கையைத் துடைக்கிறார்.

"அம்மா, நீங்களே இவரக் கேளுங்க" என்றேன்.

"என்னம்மா கேக்கணும்?"

"அந்த வாரம் அஞ்சாவது மாடிக் கதவ இழுத்துப் பாத்தாரானு கேளுங்க. டிவில சொன்னத விடுங்க. இங்க, உங்க முகத்தப் பாத்து இவரு சொல்லட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று இவர் என் மேல் பாய்ந்தார். நான் நகரவில்லை. கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றேன்.

அந்தம்மா என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தார். "பாத்தீங்களா தம்பி?" என்றார்.

இவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. தெருவில் ஒரு வண்டி போனது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். இவர் கையிலிருந்த துணியை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அந்தம்மா காத்துக்கொண்டே நின்றார். சொல்லித் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இல்லம்மா" என்றார் கடைசியில். "மத்த மாடியெல்லாம் பாத்தேன். அஞ்சாவதுல பெரிய ஆளுங்க யாரோ வந்து லிஃப்ட் பக்கத்துலயே நின்னு பேசிட்டு இருந்தாங்க. விலகுங்கனு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு இறங்கிட்டேன்."

அந்தம்மா கத்துவார், அடிப்பார், சாபம் விடுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் வேறு ஒன்று கேட்டார்.

"அப்போ எங்க பொண்ணு மேல தப்பில்லையா?"

"இல்லம்மா. கதவு திறந்தா லிஃப்ட் நிக்குதுனுதான் அர்த்தம். யாரா இருந்தாலும் கால வச்சிருப்பாங்க. போன் கையில இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்த் தோளைத் தாங்கினேன். என்னைத் தள்ளவும் இல்லை, என்மேல் சாயவும் இல்லை. இவரைத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றார். "அவ போட்டோவப் பாத்து நான் தினமும் திட்டிட்டு இருக்கேனே."